நடுவில் இருந்த வருடங்கள்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கனடாவில் காலைக் கோப்பியோடு இருப்பவர்களுக்கும், இலங்கையில் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு இருப்பவர்களுக்கும் என் அன்பு.

‘மீட்டெடுத்தல்’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் இலக்கியக் கோட்பாடு படித்தவள் அல்ல. தாதியர் டிப்ளோமா படித்து, சுவிஸில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். இடையிடையே கதை எழுதுகிறேன். பெரிய விசயங்களைத் தலைப்பில் இருந்து தொடங்கிப் பேச எனக்கு வராது. அதனால் நான் எடுத்த ஒரு படத்தைக் காட்டி, அதிலிருந்து பேசுகிறேன்.

இப்போது உங்கள் திரையில் தெரிகிற படம்தான் அது. ஒரு கறுப்பு நீராவி இயந்திரம். பின்னால் மூன்று பெட்டிகள். புகை மேலே எழும்பி ஒரு பக்கமாகச் சரிகிறது. பின்னணியில் மலை, அங்கங்கே கரையாத பனி. இதைப் பார்க்கிறவர்கள் நூறு வருடத்துக்கு முந்திய படம் என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் நானும் எடுத்தேன். என் தவறு அங்கேதான் தொடங்கியது.

இடம் சுவிஸின் ஃபுர்க்கா மலைப்பாதை. றேயால்ப் என்ற ஊரில் இருந்து ஏறி, 2160 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஃபுர்க்கா நிலையத்தைத் தொட்டு, ஒரு நீளமான சுரங்கத்துக்குள்ளால் அந்தப் பக்கம் போய், கிளெட்ச் வழியாக ஓபர்வால்ட் வரை இறங்குகிற பாதை. மொத்தம் சுமார் 18 கிலோமீற்றர்தான். செங்குத்தான இடங்களில் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடும். இயந்திரத்தின் அடியில் இருக்கிற பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்.

இந்தப் பாதையை மலை சும்மா விட்டு வைத்ததில்லை. ஸ்ரெஃபன்பாக் என்ற ஓடைக்கு மேலே கட்டிய பாலத்தைப் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போனது. அதனால் 1925இல் மடிக்கக்கூடிய பாலம் ஒன்றைப் போட்டார்கள். இன்றுவரைக்கும் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அந்தப் பாலத்தை மடித்து ஒதுக்கிவிட்டு, பனி கரைந்த பிறகு மறுபடி விரிக்கிறார்கள். 1982இல் கீழே 15 கிலோமீற்றருக்கு மேல் நீளமான அடிவாரச் சுரங்கம் திறந்தபோது, மேலே இருந்த பாதை கைவிடப்பட்டது. தன்னார்வலர்கள் சேர்ந்து அதைக் காப்பாற்றினார்கள். 1992இல் முதல் துண்டு ஓடத் தொடங்கியது. 2000இல் கிளெட்ச் வரை. 2010இல் ஓபர்வால்ட் வரை. ஓய்வுபெற்ற ஆசிரியரும் மின் வேலைக்காரரும் வங்கியில் இருந்தவரும் விடுமுறை நாளில் வந்து கரி அள்ளுகிறார்கள், கட்டை மாற்றுகிறார்கள்.

நான் போனது ஒரு யூலை மாதம். இரவு வேலை முடிந்து இரண்டு நாள் லீவு. இறங்குகிற கோச்சியில் புகை இருக்காது, ஏறுகிற கோச்சியைத்தான் எடுக்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆகவே றேயால்ப் பக்கத்தில் இருந்து ஏறுகிற பாதைக்கு மேலே, புல்லுச் சரிவில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். இயந்திரம் கறுப்பு, நீராவி வெள்ளை. கறுப்புக்கு வெளிச்சம் சரியாக வைத்தால் நீராவி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். நீராவிக்குச் சரியாக வைத்தால் இயந்திரம் வெறும் நிழலாகிவிடும். நடுவில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் சத்தம் வந்தது. பிறகு புகை. பிறகுதான் கோச்சி. வேகம் ஒன்றும் இல்லை. ஒரு மனிதர் ஓடினால் கூடவே ஓடலாம்.

வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது படத்தின் இடது ஓரத்தில் செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு தன்னார்வலர் நின்றார். பின்னால் கணவாய் வீதியில் ஒரு வெள்ளைக் கார். இரண்டையும் வெட்டினேன். நிறத்தையும் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை ஆக்கினேன். கீழே ‘1913’ என்று எழுதினேன். இந்த வகை இயந்திரங்கள் பத்தும் வின்ரத்தூர் தொழிற்சாலையில் 1913–14இல் செய்யப்பட்டவை. ஆகவே பொய் எழுதவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தப் படத்தை வட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்பினேன்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்பா இலங்கை றெயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலையில் இருந்தவர். பளைக்கும் கொடிகாமத்துக்கும் நடுவில் அவருடைய பகுதி. நடந்துபோய் ஆணி தளர்ந்திருக்கிறதா, சிலிப்பர் கட்டை உக்கியிருக்கிறதா, மழைக்குக் கல்லு அரித்திருக்கிறதா என்று பார்ப்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கடற்கரைக்குப் போனாலும் அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பார்.

கரிக்கோச்சியின் படத்தைப் பார்த்துச் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். போன் எடுத்தார்.

“வடிவாக் கிடக்கு பிள்ளை. உது முந்தியிருந்தே அங்கைதான் ஓடினதோ?”

“இல்லை அப்பா. நடுவிலை வியட்நாமுக்கு வித்துப்போட்டினம். பிறகு திருப்பிக் கொண்டுவந்தவை.”

“வியட்நாமோ? அங்கை உதை ஆர் ஓட்டினது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, அப்படி ஒரு கேள்வி என் மனதில் வரவே இல்லை.

அந்தக் கேள்விக்காகத்தான் பிறகு வாசிக்கத் தொடங்கினேன். 1940களின் தொடக்கத்தில் ஃபுர்க்காப் பாதை மின்சாரத்துக்கு மாறியது. நீராவி இயந்திரங்களுக்கு வேலை குறைந்தது. 1947இல் நான்கு இயந்திரங்களை வியட்நாமுக்கு விற்றார்கள். அப்போது அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாடு. அங்கே தாப் சாம் என்ற இடத்தில், சமவெளியில் இருந்து, தாலாத் என்ற மலைநகரத்துக்கு ஒரு பாதை இருந்தது. 84 கிலோமீற்றர். 1932இல் முழுதாக முடிந்தது. கடலுக்குக் கிட்டிய சூட்டில் இருந்து 1500 மீற்றர் உயரக் குளிருக்கு ஏறுகிற பாதை. அங்கேயும் பல் வைத்த சட்டம்தான். ஆல்ப்ஸ் பனிக்குச் செய்த இயந்திரம் அந்த மழைக்காட்டுக்குள் ஏறி இறங்கியது. அதற்கு வேறு எண் போட்டார்கள். வேறு மொழியில் அதைத் திட்டியிருப்பார்கள், செல்லமாகவும் கூப்பிட்டிருப்பார்கள்.

பிறகு போர் வந்தது. 1960களின் கடைசியில் அந்தப் பாதை நின்றுபோனது. 1975இல் போர் முடிந்த பிறகு, சிதைந்து கிடந்த வடக்குத் தெற்குப் பிரதான பாதையைத் திருத்துவதற்காகத் தாலாத் பாதையின் தண்டவாளங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இயந்திரங்கள் போக இடமில்லாமல் கிடந்தன. 1990இல் சுவிஸ் தன்னார்வலர்கள் அவற்றை மலையில் இருந்து இறக்கி, கப்பலில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 43 வருடங்களுக்குப் பிறகு. அவற்றில் ஒன்றுதான் நான் படம் பிடித்த 1ஆம் எண் இயந்திரம். இப்போது அதன் பெயர் ஃபுர்க்காஹோர்ன்.

1990 என்ற எண்ணைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் நிறுத்தினேன். எங்கள் ஆட்களுக்கு அது வேறு எண். அந்த வருடம் யூன் மாதம் போர் மறுபடி தொடங்கியபோது, 1956இல் இருந்து ஓடிக்கொண்டிருந்த யாழ்தேவி நின்றது. எனக்கு அப்போது 11 வயது. அதற்குப் பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பங்கர்களுக்குள் போயின. யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தது 2014 ஒக்ரோபரில்.

வாசித்ததை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அப்பாவுக்குச் சொன்னேன். தாலாத் தண்டவாளத்தைக் கழற்றிப் பிரதான பாதைக்குப் போட்ட இடம் வந்ததும் அப்பா குறுக்கிட்டார்.

“அப்ப அங்கை தண்டவாளம் தண்டவாளமாத்தான் போயிருக்கு.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் இங்கே சொல்கிறேன். அவருடைய பகுதித் தண்டவாளத்தைக் கழற்றியவர்களில் அப்பாவும் ஒருவர்.

“கழட்டத் தெரிஞ்சவை நாங்கள்தானே, பிள்ளை. தெரியாத பெடியள் அடிச்சால் கட்டையும் பிளந்துபோம், ஆணியும் வளைஞ்சுபோம். நான் நிண்டு கழட்டினால் திருப்பிப் போடேக்கை பழுதாகாதெண்டு நினைச்சன்.”

யார் கேட்டார்கள், மறுத்திருக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியும். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. திருப்பிப் போடுவோம் என்ற நினைப்பில் ஆணியை வளைக்காமல் எடுத்திருக்கிறார். அந்த ஆணிகள் எங்கே போயின என்று அவருக்குத் தெரியாது. இத்தனை வருடமும் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு இன்னொரு விசயம் விளங்கியது. 2015இல் நான் ஊருக்குப் போனபோது அப்பாவை யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதுத் தண்டவாளம், புதுப் பூச்சு, துப்புரவான மேடை. சனம் நின்று செல்ஃபி எடுத்தது. நானும் எடுத்தேன். அப்பாவையும் நிற்கச் சொன்னேன். அவர் மேடை விளிம்புக்குப் போய்க் கீழே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். “எப்பிடியப்பா இருக்கு?” என்று கேட்டேன்.

“எல்லாம் நல்லாத்தான் கிடக்கு. ஆனா நடுவிலை ஒண்டுமே நடக்காத மாதிரிக் கிடக்கு.”

வயதானவர்களின் சலிப்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அந்த ஸ்ரேசனில் அவருக்கு என்ன இல்லாமல் இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு வியட்நாமைச் சுற்றி வர வேண்டியிருந்தது.

ரயில் மறுபடி ஓடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓடத்தான் வேண்டும். அந்தக் கோச்சியில்தான் நோயாளிகள் கொழும்புக்கு வைத்தியத்துக்குப் போகிறார்கள். நான் கேட்பது ஒன்றைத்தான். ஒன்றை மீட்டெடுக்கிறோம் என்றால் எந்த வருடத்துக்கு மீட்டெடுக்கிறோம்? மீட்டெடுத்த பிறகு நடுவில் இருந்த வருடங்களை எங்கே வைக்கிறோம்?

என் வேலையில் இருந்து ஒன்று சொல்கிறேன். சுவிஸில் நாங்கள் காயங்களைப் படம் எடுப்போம். படுக்கைப்புண், நீரிழிவுக்காரரின் கால் புண், சத்திரசிகிச்சைத் தையல். காயத்துக்குப் பக்கத்தில் சென்ரிமீற்றர் போட்ட ஒரு சின்னக் கடதாசி வைப்போம். திகதி எழுதுவோம். ஒவ்வொரு முறையும் அதே தூரம், அதே கோணம். வடிவுக்காக எடுக்கிற படம் இல்லை. போன கிழமை எப்படி இருந்தது, இந்தக் கிழமை எப்படி இருக்கிறது என்று அடுத்த வேலைக்கு வருகிற தாதிக்குத் தெரிய வேண்டும். காயத்தை வெட்டிவிட்டு மிச்சக் காலைப் படம் எடுத்தால் அந்தப் படத்தால் யாருக்கும் பயன் இல்லை.

காயம் ஆறிய பிறகும் தழும்பு இருக்கும். தழும்பான தோல் பழைய தோலின் பலத்தை ஒருநாளும் முழுதாக எட்டாது. அதிகம் போனால் 80 சதவீதம். அது தெரிந்தால்தான் அந்த இடத்தில் சப்பாத்து உரசாமல் பார்த்துக்கொள்ளலாம். தழும்பு இல்லை என்று நடித்தால் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும்.

நான் கிறிஸ்தவப் பெண். சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு ஏச்சு வாங்கியிருக்கிறேன். சாவையே வென்று எழும்பிய ஆண்டவருக்கு ஏன் ஆணித் தழும்பை ஆற்ற முடியவில்லை என்று கேட்டேன். இப்போது எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. தோமாவுக்கு முன்னால் அவர் புதுத் தோலோடு வந்து நின்றிருந்தால், அவர் வேறு யாரோ ஒருவராகத்தான் இருந்திருப்பார். தழும்பை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள்.

இனி எழுத்துக்கு வருகிறேன். இங்கே இருக்கிற பலரைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தாலும் நான் பேசுவது என்னைப் பற்றித்தான். என் முதல் கதைகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு பாதி ஊர்: யாழ்தேவியின் கூவல், பனங்கூடல், கிணற்றடி, அம்மம்மாவின் ஜெபமாலை. மற்றப் பாதி சுவிஸ்: பனி, தனிமை, ஜன்னல். ஊரில் நேரம் 1990இல் நின்றுவிடுகிறது. அடுத்த பக்கம் சூரிச்சில் பனி கொட்டுகிறது. நடுவில் ஒன்றும் இல்லை. பங்கருக்குள் இருந்த இரவுகள் இல்லை. 1995 இடப்பெயர்வு இல்லை. கொழும்பு லொட்ஜில் பொலிஸ் பதிவுக்காகக் காத்திருந்தது இல்லை. இங்கே வந்து ரெஸ்ரோரன்ற் குசினியில் பாத்திரம் கழுவியது, இரவில் டொச் படித்தது, டிப்ளோமாச் சோதனையில் முதல் தரம் தவறியது, ஒன்றும் இல்லை. செம்மஞ்சள் மேலங்கிக்காரரை வெட்டியது மாதிரி வெட்டியிருக்கிறேன். நிறத்தையும் எடுத்துவிட்டேன். வாசித்தவர்கள் ‘ஊரை அப்படியே கொண்டுவந்துவிட்டீர்கள்’ என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு இப்போது எனக்கு உறுத்துகிறது. நான் கொண்டுவந்த ஊரில் அப்பா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். தண்டவாளத்தைக் கழற்றிய அப்பா அதில் இல்லை. இரண்டும் ஒரே ஆள்.

போன வருடம் மறுபடி ஃபுர்க்காவுக்குப் போனேன். இந்த முறை ரிக்கற் எடுத்துக் கோச்சியில் ஏறினேன். ஃபுர்க்கா நிலையத்தில் சுரங்கத்துக்குள் போக முன்னம் நிற்பாட்டினார்கள். சனம் இறங்கிப் படம் எடுத்தது. ஒரு வயதான தன்னார்வலர் எண்ணெய்க் குவளையோடு இயந்திரத்தைச் சுற்றி வந்தார். நான் போய், “இதில் வியட்நாமில் இருந்து மிச்சம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதிசயமான கேள்வி என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு சொன்னார்: “எத்தனையோ பாகங்களை மாற்றியிருக்கிறோம். ஆனால் வேலை தொடங்கியபோது எங்கள் கைக்கு வந்தது அங்கே ஓடித் தேய்ந்த இரும்புதான். எந்தத் தேய்வு இங்கே வந்தது, எது அங்கே வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.”

அப்பாவின் கேள்வியையும் அவரிடம் கேட்டேன். அங்கே ஓட்டியவர்கள் யார்? அவர் தலையை ஆட்டினார். “எங்களைப் போல ஆட்கள்தான். கொதிகலனுக்கு விடிய முன்னமே நெருப்புப் போட வேண்டும், மெல்ல மெல்லச் சூடாக்க வேண்டும். அவசரப்பட்டால் இரும்பு தாங்காது. அது எந்த நாட்டிலும் ஒன்றுதான்.”

கிளெட்சில் இறங்கினேன். பழைய படங்களில் ரோன் பனியாறு அந்தப் பள்ளத்தாக்கின் அடிவரை, ஹோட்டலுக்குக் கிட்ட வந்து நிற்கும். இன்று அங்கே கல்லும் தண்ணீரும்தான். பனி மேலே ஏறி ஒதுங்கிவிட்டது. மேலே பனிக்குகை இருக்கிற இடத்தில், கரைவதைக் கொஞ்சமாவது தாமதப்படுத்த வெள்ளைத் துணி போர்த்து வைத்திருக்கிறார்கள். தூரத்தில் இருந்து பார்த்த எனக்குக் கட்டுப்போட்ட புண் மாதிரித் தெரிந்தது. இயந்திரத்தை 1913இன் கோலத்துக்குக் கொண்டுவரலாம். அது நிற்கிற இடத்தை அந்த வருடத்துக்குக் கொண்டுபோக யாராலும் முடியாது.

இது அன்றைக்கு எடுத்த இரண்டாவது படம். முதல் படம் அளவுக்கு வடிவாக இல்லை என்று எனக்குத் தெரியும். நீராவி கொஞ்சம் வெளுத்துப்போய்விட்டது. எண்ணெய்க் குவளையோடு அந்தத் தன்னார்வலர் குனிந்து நிற்கிறார், முகம் தெரியவில்லை. பின்னால் யாரோ ஒரு பிள்ளையின் சிவப்பு மழைச்சட்டை. எதையும் வெட்டவில்லை. கீழே மூன்று வருடங்கள் எழுதினேன்: 1913, 1947, 1990.

அதை அப்பாவுக்கு அனுப்பினேன். அன்றைக்கே போன் வந்தது. படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “கொப்பியும் பேனையும் இருக்கோ?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

“பளையிலை இருந்து துவங்குவம்,” என்றார். அடுத்து எழுதுமட்டுவாள், மிருசுவில் என்று ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு போனார். எந்த இடத்தில் எந்த மாதம் கழற்றினார்கள், எந்த மதகடியில் கட்டைகளை அடுக்கினார்கள், உழவு இயந்திரத்தில் யார் ஏற்றினார்கள், அதில் யார் இப்போது இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். கொடிகாமத்துக்கு இன்னும் வரவில்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்கும், ஒரு நாளைக்கு அரை மைலுக்கு மேல் போக மாட்டார். நானும் அவசரப்படுத்துவதில்லை.